செலுத்துபவர் கையொப்பம்

அம்மாவின் கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கு வங்கியிலிருந்து வந்த பதில் இரண்டே வரிகள். விண்ணப்பித்தமைக்கு நன்றி என்று ஒரு வரி. போதிய கடன் வரலாறு இல்லாததால் தற்போது ஏற்க இயலவில்லை என்று இன்னொரு வரி. கைப்பேசியில் வந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "வரலாறு இல்லை என்றால் என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார். கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதாக அம்மாவைப் பற்றி எங்கேயும் பதிவு இல்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் வீட்டுக் கடனைக் கட்டியது யார்?" என்றார்.

அந்தக் கேள்வி பல மாதங்களாக என்னை விடவில்லை. கார்டு பிறகு கிடைத்துவிட்டது. ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பணம் தொடர்பான எல்லாமே அப்பாவின் பெயரில் இருந்தது. அம்மாவின் கையில் இருந்தது. அப்பா சம்பாதித்தார், கையெழுத்திட வேண்டிய இடங்களில் கையெழுத்திட்டார். எந்தத் தேதிக்கு எது கட்ட வேண்டும், அதற்கு எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் வேலை. வீட்டுக் கடன் 20 ஆண்டுகள் ஓடியது; 240 தவணைகள். முதல் பல ஆண்டுகள் கெடு நாளுக்கு இரண்டு நாள் முன்பே அம்மா வங்கிக்குப் போய்ச் சீட்டு எழுதிப் பணம் கட்டிவிடுவார். முத்திரை குத்திக் கொடுக்கும் அடிச்சீட்டை ஒரு நீள நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் தவணை எண்ணும் எழுதுவார். பிறகு தவணை தானாகவே கணக்கிலிருந்து கழியும் வசதி வந்தது. அப்போதும் கழிந்துவிட்டதா என்று பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் அவருக்கு நிம்மதி. 240 வரிகளில் ஒன்றுகூடத் தாமதம் இல்லை. சிறுவனாக இருந்தபோது அந்த நோட்டைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

அப்பா மறைந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வங்கிக்குத் தெரிவித்தோம், அவர் கணக்குகளை மூடினார்கள். சில நாள் கழித்து அம்மா தொலைபேசிக் கட்டணம் கட்ட முயன்றபோது அவர் கார்டு வேலை செய்யவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அவர் பையில் இருந்த கார்டு அது. அவர் பெயர்தான் மேலே பொறித்திருந்தது. ஆனால் அது அப்பாவின் கணக்கில் கொடுக்கப்பட்ட கூடுதல் கார்டு. முதன்மைக் கார்டு போனால் அதுவும் போகும். அவ்வளவு நாளும் அதைத் தன்னுடையது என்று நினைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் யாராவது தங்கள் கணக்கில் இன்னொரு கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நானும் அதைத்தான் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டார். "மறுபடியும் இன்னொருவர் கணக்கில் வேண்டாம்" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோப்பில் இருப்பதும் இல்லாததும்

நிராகரிப்பு வந்த வாரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கோபத்தில் வேறு இரண்டு வங்கிகளில் அம்மாவுக்காக விண்ணப்பித்தேன். இரண்டும் சில மணி நேரத்தில் மறுத்தன. கார்டு கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வங்கி, நம் கடன்களைப் பதிவு செய்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்திடம் நம் கடன் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தது அந்தக் கோப்பிலேயே பதிவாகிறது. குறுகிய காலத்தில் பல விசாரணைகள் இருந்தால், இவருக்குப் பணமுடை போலிருக்கிறது, கிடைக்கிற இடத்திலெல்லாம் கேட்கிறார் என்று அடுத்த வங்கி நினைக்கும். ஆக, வாழ்நாள் முழுவதும் ஒரு கெடு நாளைக்கூடத் தவறவிடாத என் அம்மாவின் கோப்பில் முதன்முதலாகப் பதிவானது என்னுடைய அவசரம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அதன் பிறகுதான் பொறுமையாக உட்கார்ந்து இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று படித்தேன். கடன் மதிப்பெண் என்பது ஒருவர் நல்லவரா, சிக்கனமானவரா, கையில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் சொல்வதில்லை. கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய மாதாந்தரத் தகவலை மட்டும் வைத்துப் போடப்படும் கணக்கு அது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ மதிப்பெண்ணில் 35 விழுக்காடு, தவணைகளை நேரத்துக்குக் கட்டினோமா என்பதற்கு. 30 விழுக்காடு, எவ்வளவு நிலுவை வைத்திருக்கிறோம் என்பதற்கு. 15 விழுக்காடு, எத்தனை காலமாகக் கணக்கு இருக்கிறது என்பதற்கு. புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10. சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்துக்கு இதில் இடமே இல்லை. ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது கோப்பில் இல்லையென்றால் அங்கே எண்ணே பிறக்காது. இந்தியாவின் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கடன் வரலாறே இல்லாதவரைக் குறிக்க அங்கே மைனஸ் ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்நூறுக்குக் கீழே அல்ல, பூஜ்யத்துக்கும் கீழே. அதற்குப் 'பதிவு இல்லை' என்று மட்டும்தான் பொருள் என்று தெரிந்தும், அந்தக் குறியைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது.

எல்லா நாடுகளும் இப்படிச் செய்வதில்லை. பிரான்சில் தவணை தவறியவர்களின் பட்டியல் ஒன்றை நாட்டின் மத்திய வங்கி வைத்திருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கென்று தனிப் பட்டியலோ, அவர்களுக்குப் போடும் எண்ணோ கிடையாது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் குற்றம் இல்லை என்று பொருள். மற்றதை வருமானத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறார்கள். அம்மா அங்கே வாழ்ந்திருந்தால் வெற்றுப் பக்கம் அவருக்குச் சாதகமாக இருந்திருக்கும். ஒரே வெறுமையை ஓரிடத்தில் நற்சான்றாகவும் இன்னோரிடத்தில் சந்தேகமாகவும் படிக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு, அந்த இரண்டு வரிப் பதிலின் உறுதியான குரல் கொஞ்சம் தளர்ந்ததுபோல் இருந்தது.

முகம் பார்த்துக் கொடுத்த காலம்

இயந்திரத்துக்குப் பதில் ஒரு மனிதர் பார்த்திருந்தால் அம்மாவைப் புரிந்துகொண்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பர்களிடமும் அப்படித்தான் வாதாடினேன். பிறகு அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க வாதம் என் கையிலேயே நொறுங்கியது.

இன்று ஈக்விஃபேக்ஸ் என்ற பெயரில் உள்ள அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம் 1899-இல் அட்லாண்டாவில் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கோப்பு எழுதுவார்கள். தவணை கட்டுகிறாரா என்பதோடு நிற்காமல், குடிப்பாரா, குடும்பத்தில் சண்டையா, வெளிநடத்தை எப்படி என்று ஊர்ப்பேச்சு முழுவதும் அதில் ஏறும். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவோ மறுக்கவோ சம்பந்தப்பட்டவருக்கு வழி இல்லை. 1970-இல் சட்டம் வந்த பிறகுதான் அந்த உரிமை பிறந்தது. பெண்கள் நிலை இன்னும் மோசம். கணவன் கையெழுத்தில்லாமல் அமெரிக்க வங்கிகள் பெண்ணுக்குக் கடனோ கார்டோ கொடுக்கத் தயங்கின. வேலை பார்க்கும் மனைவியின் சம்பளத்தை முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார்கள். 1974-இல் சம வாய்ப்புக் கடன் சட்டம் வந்துதான் பாலினத்தையும் மண நிலையையும் காரணமாகக் காட்டி மறுப்பது தடை செய்யப்பட்டது. அம்மா அப்படி ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே 'உங்கள் கணவர் எங்கே' என்பதாகத்தான் இருந்திருக்கும்.

பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் 1956-இல் தொடங்கிய, இன்று ஃபைகோ எனப்படும் நிறுவனம்தான் கடன் கொடுப்பதை எண்ணால் தீர்மானிக்கும் முறையைப் பரப்பியது. எல்லா வங்கிகளும் பயன்படுத்தத்தக்க பொது மதிப்பெண் 1989-இல் வந்தது. எண்ணுக்கு முகம் தெரியாது. விதவையா, எந்தத் தெருவிலிருந்து வருகிறார், என்ன உடுத்தியிருக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. அந்த அளவில் அது ஒரு விடுதலை என்றே இப்போது நம்புகிறேன். அதேசமயம், எண்ணும் இன்றி முகமும் பார்க்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் யாரும் கேட்காமலேயே சுமார் 60,000 பேருக்குக் கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. பிற்பாடு விசா என்று பெயர் மாறிய கார்டு அதுதான். ஒப்புதல் என்ற படியே இல்லாத அந்தத் தொடக்கத்தில், கட்டத் தவறியவர்களின் விகிதம் வங்கி எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு ஆனது. கட்டாதவர்களின் சுமை கட்டுகிறவர்கள் தலையில்தான் வட்டியாகவும் கட்டணமாகவும் விழும். ஆகையால் யாரையும் எதையும் பார்க்காமல் கார்டு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. முகத்தை மறைத்தது சரி. ஆனால் கோப்பு ஒரு பெயரின் கீழ்தான் சேர்கிறது. பெயர் யாருடையது என்பதைப் பழைய காலமே தீர்மானித்துவிட்டது. கடன் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே கட்டிய பெருமை. தவணைப் பணத்தைச் சேர்த்தவர், நாளை நினைவில் வைத்திருந்தவர், வரிசையில் நின்றவர் எவருக்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. நாணயம் என்று நாம் காசையும் சொல்கிறோம், சொன்ன சொல் தவறாத குணத்தையும் சொல்கிறோம். எங்கள் வீட்டில் காசு அப்பாவின் கணக்கிலிருந்து போனது, உண்மைதான். நாணயம் அம்மாவுடையது.

மேசைக்கு இந்தப் பக்கம்

நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று அம்மாதான் சொன்னார். நோட்டையும் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

கார்டுப் பிரிவில் இருந்தவர் இளைஞர். இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. அம்மாவை உட்காரச் சொல்லி, விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்து, "அம்மா, உங்களைப் பற்றித் தவறாக ஒன்றும் இல்லை. எதுவுமே இல்லை, அதுதான் சிக்கல்" என்றார். அம்மா நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். "தம்பி, இதைப் பாருங்கள்."

அவர் ஒப்புக்குப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பழைய அடிச்சீட்டுகள் பழுப்பேறி, பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தன. ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தார். சீட்டில் 'கணக்குதாரர் பெயர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயர். கீழே 'செலுத்துபவர் கையொப்பம்' என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து. அடுத்த சீட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நான் அந்த நோட்டைப் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. அத்தனை ஆண்டுகளாக வங்கியே அச்சடித்துக் கொடுத்த தாளில், வங்கியே முத்திரை குத்தி, கட்டியவர் யார் என்பதற்குச் சாட்சி இருந்திருக்கிறது. அந்தத் தகவல் மட்டும் கோப்புக்குப் போகவில்லை.

"இதைக் கணினியில் ஏற்ற வழியில்லை, அம்மா" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. பிறகு வீட்டுக் கடனில் அம்மா இணைக் கடனாளியாகச் சேர்ந்திருந்தாரா என்று கேட்டார். சேர்ந்திருந்தால் அந்த 20 ஆண்டு வரலாறும் அம்மாவின் பெயரிலும் பதிவாகியிருக்கும் என்றார். இல்லை என்று அம்மா தலையசைத்தார். சரி, நிரந்தர வைப்பு ஏதும் உங்கள் பெயரில் இருக்கிறதா, அதைப் பிணையாக வைத்துக் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் கடன் வரலாறு வேண்டாம் என்று வழியும் சொன்னார். வைப்புத் தொகையின் ஒரு பகுதி கார்டின் வரம்பாக இருக்கும். வைப்புக்கு வழக்கமான வட்டி வந்துகொண்டிருக்கும். கார்டுக்கான பணம் கட்டாமல் போனால் வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மற்றபடி இதுவும் எல்லாக் கார்டுகளையும் போல மாதாமாதம் கோப்பில் பதிவாகும். முதல் கார்டுக்காக அலைகிற எவருக்கும் நான் சொல்லக்கூடியது இந்த ஒரு வழிதான். கோபத்தில் பத்து இடங்களில் விண்ணப்பிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

திரும்பும் வழியில் அம்மா தானாகவே பேசினார். வீட்டுக் கடன் வாங்கிய அன்று வங்கியில் கேட்டார்களாம், மனைவி பெயரையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வெளியே வந்ததும் அம்மாவிடம், "நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் கடன்காரன் உன்னைத் தேடி வரக் கூடாது" என்றாராம். அம்மா அதை என்னிடம் சொன்ன விதத்தில் குறை எதுவும் இல்லை. அந்த நிமிடம் வரை எனக்கு அப்பாவின் மேல் சொல்ல முடியாத ஒரு வருத்தம் இருந்தது. ஏன் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார் என்று. அவர் அம்மாவைக் கடனிலிருந்து காப்பாற்ற நினைத்தார். அதற்காகப் பத்திரத்திலிருந்து பெயரை நீக்கியதில், அடைத்து முடித்த கடனின் நற்பெயரும் அம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. அவருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பலமுறை யோசித்துவிட்டேன்.

கார்டு வந்த பிறகு

பிணைக் கார்டுக்கு ஒப்புதல் வர மூன்று நாள் ஆனது. குறுஞ்செய்தியை அம்மா எனக்கு அனுப்பினார், கீழே ஒரு சொல்கூட எழுதாமல்.

அடுத்த பிரச்சினை நான் எதிர்பாராதது. அம்மாவால் கடனை ஓர் இரவு வைத்திருக்க முடியவில்லை. காலையில் கார்டில் ஏதாவது வாங்கினால் மாலைக்குள் அந்தப் பணத்தைச் செயலி வழியாகக் கட்டிவிடுவார். பில் தேதி என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகும் பல நாள் அவகாசம் உண்டு, அதற்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை என்று விளக்கினேன். குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருப்பதை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும், பணமாக எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி என்றும் சொன்னேன். அந்த இரண்டு எச்சரிக்கையும் அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவகாசம் என்பதுதான் புரியவில்லை. "இருக்கிற பணத்தைக் கொடுக்க ஏன் காத்திருக்க வேண்டும்?" என்றார். உடனுக்குடன் கட்டினாலும் கணக்கு தவறாமல் நடப்பதாகவே பதிவாகும். அதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாதமாவது பில் என்ற ஒன்றைப் பார்த்து, அதைக் கெடு நாளுக்குள் கட்டிப் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. கெஞ்சிக் கேட்டதால் ஒப்புக்கொண்டார். அந்த மாதம் முழுவதும் அவர் நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை. மூன்று முறை என்னைக் கூப்பிட்டுப் பில் வந்துவிட்டதா என்று கேட்டார்.

பில் வந்த மறுநாளே கிளம்பிவிட்டார். செயலியில் கட்டலாம் என்றேன், கேட்கவில்லை. முதல் பில்லை வங்கிக்குப் போய்த்தான் கட்டுவேன் என்றார். துணைக்குப் போனேன். கார்டுக்குப் பணம் கட்டும் சீட்டுகள் ஒரு மூலையில் இருந்தன. அம்மா ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேதி எழுதினார். கார்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அடுத்தது கணக்குதாரர் பெயர். பேனா தயங்காமல் ஓடி, நின்றது. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் இருந்தன.

அவர் அதை அடிக்கவில்லை, கசக்கவும் இல்லை. நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு சீட்டு எடுத்தார்.